பதின்மூன்று அடிகளும் ஒரு கேள்வியும்

கொழும்பு ஹெவ்லொக் டவுனுக்குப் பெயர் தந்தவர், 1890 முதல் 1895 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த ஆர்தர் ஹெவ்லொக். அவர் இங்கே ஆட்சி செலுத்திய காலத்திலேதான், 1894ஆம் ஆண்டில், உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டார். இவ்விரண்டுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும், இப்பகுதியிலே தமிழ் கற்பிக்கும் நாம், மாணாக்கர் மனனஞ் செய்தற்கு ஒரு சிறு பாட்டைத் தேர்ந்தபோது, இரண்டும் ஒருங்கே நினைவுக்கு வந்தன. தேர்ந்தது புறநானூற்றின் 192ஆம் பாட்டு. பாடியவர் கணியன் பூங்குன்றனார்.

நம் முன்னோர் இதனை வழிவழியாக மனனஞ் செய்து வந்தனர் எனப் பலர் கருதுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. திண்ணைப் பள்ளியிலே சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் பின்னே சொன்னவை ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்கள். பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைச் சென்னையிற் கண்ட அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் 1848இல் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிப் பாலபாடங்கள் இயற்றிய ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தார். அப்பொழுதும் புறநானூறு ஏட்டுச் சுவடியிலேயே கிடந்தது.

நிற்க. அத்திண்ணை எல்லோருக்கும் உரியதாயிருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் ஏனையோரோடு ஒரே வாங்கில் இருத்தவேண்டும் என்ற சமஆசனக் கட்டளைக்கு, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது 1945இல். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பிலிருந்து ஒரே பாட்டை ஓதுவது, அண்மையிற் போராடிப் பெற்ற உரிமை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பாட்டு பதின்மூன்றே அடிகள். முதல் நான்கடிகளில் எதுகை இரண்டிரண்டாய் அமைந்திருக்கிறது. ஒரே வினைமுற்று நான்கு முறை திரும்பி வருகிறது. ஆதலின் நினைவில் எளிதிற் பதியும். ஆயினும் மேடைகளில் முழங்குவது முதலடி மாத்திரமே. எவ்வூரையும் தன்னூராகக் கொள்ளும் அவ்வடி தொடக்கம், முடிபு ஈற்றிலுள்ளது. ஆற்று வெள்ளத்தில் அகப்பட்ட தெப்பம் போல உயிர் செல்கிறது எனக் கண்டவன், உயர்ந்தவரைக் கண்டு மலைக்கமாட்டான். எளியவரைத் தாழ்வாக எண்ணுதல் அவனுக்கு அதனினும் இயலாது. சமஆசனத்தை மறுத்தவர்க்கு இதனினும் தக்க விடை வேறில்லை.

இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். ஒருவனுக்கு நேரும் நன்மை தீமைக்கு மற்றவர் காரணரல்லர் என்னும் இரண்டாமடி அவனை உறுத்தியிருந்தது.

“அப்பிடியெண்டால், எண்பத்திமூண்டில எங்கட அம்மம்மாட வீட்டை எரிச்சது ஆர், சேர்?”

1983 ஜூலையில் பொரளையிற் பற்றிய தீ, வெள்ளவத்தை உள்ளிட்ட பகுதிகளில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் சாம்பலாக்கியது. அக்காலத்தில் நாமும் பிறந்திருக்கவில்லை. ‘எல்லாம் வினைப்பயன்’ என்று விடை கூறுவது எளிது. ஆனால் அது எரித்தவனை விடுவித்து, எரிக்கப்பட்டவளைக் குற்றவாளியாக்கும். எனவே, அவ்வடியைத் தனியே பிரித்து ஓதினால் அநீதிக்குத் துணைபோகும் என்றோம். எளியோரை இழிவாக நினைப்பதே கொடுமையின் வேர் என்பதை ஈற்றடியிற் காட்டினோம். அவன் மனம் நிறைவுறவில்லை. அதிற் பிழையுமில்லை. மறுவாரம் பதின்மூன்று அடிகளையும் பிழையின்றி ஒப்புவித்தவன் அவனே. இரண்டாமடியில் மட்டும் சற்றே நிறுத்திச் சொன்னான்.

ஆசிரிய நண்பர்களே, பாட்டை முழுமையாகச் சொல்லிக் கொடுங்கள். அதனோடு வழக்காட ஒரு பாடவேளையும் ஒதுக்குங்கள்.