லாமு: கல் வீடுகளும் ஒரு திறந்த கதவும்



பூமியில் பயணம் செய்யுமாறும், நமக்கு முன் வாழ்ந்தோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறும் திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியான இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவது மட்டும் பயணம் ஆகாது. அங்கு வாழ்ந்தவர்கள் எதைக் கட்டினார்கள், எதைக் காத்தார்கள், எதில் தவறினார்கள் என்று சிந்திப்பதே முஃமினின் பயணம். அவ்வாறு சிந்திக்கத் தூண்டும் ஊர்களுள் ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவின் லாமு.

கென்யா நாட்டின் வடகோடிக் கடற்கரையில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே உள்ள சிறு தீவு லாமு. அதே பெயர் கொண்ட பழைய ஊர் அத்தீவில் அமைந்துள்ளது. விமானத்தில் வருபவர் எதிரே உள்ள மண்டா தீவில் இறங்கி, படகில்தான் ஊருக்குள் வரவேண்டும். சந்துகள் மிகக் குறுகலானவை. கார் நுழைய இடமில்லை. கல்லும் மணலும் மூட்டைகளும் இன்றும் கழுதைகளின் முதுகில்தான் செல்கின்றன. அந்தச் சிற்றூரில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் உள்ளன. மக்கா லாமுவுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருப்பதால், அம்மக்கள் தொழுகைக்கு வடக்கு நோக்கி நிற்கின்றனர்.

காற்று கொண்டுவந்த மார்க்கம்

லாமுவுக்கு அருகிலுள்ள பாத்தே தீவில் ஷாங்கா என்ற பாழடைந்த ஊர் இருக்கிறது. 1980களில் அங்கு நடந்த அகழாய்வில், கல் பள்ளிவாசலின் அடியில் மரத்தால் ஆன பழைய தொழுமிடங்களின் அடையாளங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையது கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் நிறைவதற்கு முன்பே இக்கடற்கரையில் ஸஜ்தா செய்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

மார்க்கத்தை அங்கு கொண்டு சென்றது படை அல்ல, வணிகம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அரபு நாட்டிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் வந்தன. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் திரும்பின. மரம் அரிதான அரபு நாட்டின் வீட்டுக் கூரைகளுக்கு லாமுவின் கண்டல் மரங்கள் சென்றன. காற்று மாறும்வரை காத்திருந்த வணிகர் அங்கு மணம் முடித்தனர், குடும்பமாயினர். ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலி, அரபுச் சொற்களை ஏற்று, அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் எழுதிய நம் முன்னோரின் வழிவந்த நமக்கு இது அந்நியமான செய்தி அல்ல. ஷாஃபிஈ மத்ஹபும் இரு கரைகளுக்கும் பொதுவானதே.

ஊரில் இன்றுள்ள ப்வானி பள்ளிவாசல் 1370ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கூறப்படுகிறது. 1441இல் லாமுவின் காழி ஒருவரை மக்காவில் சந்தித்ததாக அபுல் மஹாசின் என்ற அரபு எழுத்தாளர் பதிவு செய்துள்ளார். லாமுவைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று அதுவே. அந்த ஊர் எழுத்தில் பதிவானது அதன் செல்வத்தால் அல்ல. புனித மக்காவுக்குச் சென்ற ஓர் ஆலிமால்!

வீடு சொல்லும் ஒழுக்கம்

லாமுவின் பழைய வீடுகள் பவளப்பாறைக் கற்களாலும் சுட்ட சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. கூரையைத் தாங்குவது கண்டல் மர உத்திரம். அம்மரத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம். ஆகவே அறைகள் யாவும் நீண்டு குறுகியிருக்கும். வாசலில் சித்திர வேலைப்பாடு மிக்க மரக் கதவு. அதன் இருபுறமும் பராஸா எனப்படும் கல் திண்ணை. விருந்தினரும் வழிப்போக்கரும் அங்கு அமர்ந்து பேசுவர். கதவைத் திறந்தாலும் தெருவில் நிற்பவரின் பார்வை உள்ளே செல்லாதபடி வழி வளைந்து போகும். சில சந்துகளின் மேலே மாடிகளை இணைத்து அறைப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். பெண்கள் தெருவில் இறங்காமலேயே உறவினர் வீட்டுக்குச் செல்ல அவை உதவின. காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடும் முடுக்குகளை அறிந்தோர் இதன் நோக்கத்தை எளிதில் உணர்வர்.

அவ்வீடுகளுக்குள் கல்வியும் இருந்தது. 1858ஆம் ஆண்டளவில், நோயுற்றிருந்த முவானா குபோனா என்ற தாய், தம் மகளுக்கு அறிவுரையாக ஒரு நீண்ட கவிதை இயற்றினார். சுவாஹிலி இலக்கியத்தில் அது இன்றளவும் போற்றப்படுகிறது.

சுமந்த தோள்கள்

1813ஆம் ஆண்டையொட்டி, மொம்பாசாவும் பாத்தேயும் இணைந்து அனுப்பிய படையை லாமு மக்கள் ஷேலா கடற்கரையில் வென்றனர். பின்னர் ஓமன் சுல்தானின் பாதுகாப்பை நாடினர். அவரது உதவியுடன் எழுந்த கோட்டை 1821இல் நிறைவுற்றது. அதன் பின்னரே லாமுவின் செல்வம் உச்சத்தை எட்டியது.

அச்செல்வத்தின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மை ஆகாது. தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலத்தில் தானியமும் எள்ளும் விளைவித்தவர்கள் அடிமைகள். ஊரின் வடபகுதியில் கல் வீடுகளில் வாழ்ந்த மேன்மக்கள், தம் வமிசத்தைப் பெருமையாகப் பேசினர். தென்பகுதியான லங்கோனியில், மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட குடிசைகளில் எளியோர் வாழ்ந்தனர். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதும், கல்வியின் வாசல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

அந்த வாசலைத் திறந்தவர் ஹபீப் ஸாலிஹ் பின் அலவி ஜமலுல் லைல் அவர்கள். கொமொரோஸ் தீவில் பிறந்து, இளமையில் லாமுவுக்கு வந்தவர். நபிகளாரின் வழித்தோன்றல் என்ற சிறப்பு அவருக்கு இருந்தது. விரும்பியிருந்தால் கல் வீட்டாரின் மதிப்பிலேயே காலம் கழித்திருக்கலாம். அவரோ அடிமைகளுக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோருக்கும் குர்ஆனையும் மார்க்கக் கல்வியையும் கற்பித்தார். நோயுற்றோருக்கு மருந்து கொடுத்தார். அடிமைகளுக்குக் கல்வி எதற்கு என்று மேன்மக்கள் எதிர்த்தனர். பள்ளிவாசலில் தஃப் ஒலிப்பது குறித்தும் விவாதம் எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை.

19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலகட்டத்தில், அந்த லங்கோனியிலேயே ரியாழா பள்ளிவாசல் எழுந்தது. அதன் மதரஸாவை நாடிக் கிழக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். கென்யக் கடற்கரையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1907இல்தான். சட்டம் விடுதலை தருவதற்கு முன்பே, அம்மக்களை மாணவர்களாக, சமமானவர்களாக அமர்த்தியிருந்தார் ஓர் ஆலிம். இன்றும் ரபீஉல் அவ்வல் மாதத்தில் லாமுவில் மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். மவ்லித் பற்றிய அறிஞர்களின் கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் பொருள் அன்று. ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த தெருவே ஊரின் கல்வி மையமாயிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

எதைக் காப்பது?

2001இல் யுனெஸ்கோ, லாமுவின் பழைய ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெருமை வந்தது, கூடவே சோதனையும் வந்தது. பராமரிக்கப் பொருளில்லாத குடும்பங்கள் பழைய வீடுகளை விற்றன; வெளிநாட்டவர் வாங்கினர். சுவர் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் அதனுள் வளர்ந்த குடும்பம் வெளியேறியது. 2012இல் மண்டா விரிகுடாவில் பெரும் துறைமுகப் பணி தொடங்கி, 2021இல் முதல் தளம் திறக்கப்பட்டது. தங்கள் மீன்பிடிப் பகுதிகளை இழந்ததாக மீனவர்கள் நீதிமன்றம் சென்றனர். லாமு அருகே அமையவிருந்த அனல் மின் நிலையத்தின் உரிமத்தை, மக்களின் கருத்து முறையாகக் கேட்கப்படவில்லை என்று கூறி, 2019இல் கென்யச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் ரத்து செய்தது. நீதியின் வாசலை அறவழியில் தட்டிய மக்களுக்குக் கிடைத்த பலன் அது.

சகோதரர்களே! பாரம்பரியம் என்ற சொல்லை நாமும் அடிக்கடி பயன்படுத்துகிறோம். அச்சொல்லால் நாம் காப்பது எதை? விருந்தினரை அமர்த்திய திண்ணையையா, வமிசப் பெருமை பேசிய வாயையா? வீட்டின் கண்ணியத்தையா, எளியவனைத் தள்ளி வைத்த வழக்கத்தையா? அரபிக்கும் அரபி அல்லாதவருக்கும் இடையே இறையச்சத்தைத் தவிர வேறு உயர்வில்லை என்று இறுதிப் பேருரையில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த பிறகும், நம் மஹல்லாவில் பின் வரிசையிலேயே நிற்கும் பிள்ளைகள் யார்? பணமில்லாததால் மதரஸாவை விட்டு நின்றவர்கள் யார்? திருமணப் பேச்சில் குலத்தின் பெயரால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யார்?

லாமுவின் கல் வீடுகளில் பல இன்று சிதைந்து நிற்கின்றன. குடிசைகளின் நடுவே தொடங்கிய கல்வியோ இன்றும் தொடர்கிறது. நம் ஊரிலும் அத்தகைய கதவு ஒன்று மூடிக் கிடக்கலாம். இந்த வாரமே அதைத் தேடுவோம், தட்டித் திறப்போம்.

முன்னோரின் நன்மைகளைப் பின்பற்றவும், அவர்களின் தவறுகளிலிருந்து படிப்பினை பெறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.