சோழவரம் ரேஸும் நம்ம ஊர்ப் பசங்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், 2024இல் சென்னை தீவுத்திடலில் நடந்த இரவுப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "ஒருவழியா நம்ம பக்கமும் கார் ரேஸ் வந்துடுச்சு சார்." படித்ததும் சிரிப்பு வந்தது. அவர் செங்குன்றம் போகும்போதெல்லாம் கடந்து போகிற சோழவரத்தில்தான் இந்த நாட்டின் மிகப் பெரிய மோட்டார் பந்தயம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அவருடைய அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சோழவரம் என்றால் இன்று எல்லோருக்கும் ஏரிதான் ஞாபகம் வரும். பூண்டி, புழல், சோழவரம் என்று நாளிதழில் நீர்மட்டம் போடுவார்களே, அந்த சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் இருந்தது. ஆங்கில 'டி' எழுத்து மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக வைத்தது போல. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் நின்றுவிட்டது. உலகம் முழுக்க இதே கதைதான். இன்று கார் பந்தயத்துக்குப் பேர்போன இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான், 1948இல் அங்கே பந்தயம் தொடங்கியது. கல்கத்தாக்காரர்களுக்கு பாரக்பூர். நமக்கு சோழவரம்.

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. கம்பெனிகளில் பெரிய பதவியில் இருந்தவர்கள், தோட்ட முதலாளிகள், வசதியான குடும்பத்து இளைஞர்கள் என்று மேல்தட்டு ஆட்கள்தான் அதில் இருந்தார்கள். ஆனால் பார்க்க வந்த கூட்டம் மேல்தட்டு இல்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன்.

வட சென்னையை அப்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1955லிருந்து புல்லட் அங்கேதான் உருவானது. அதே திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., அறுபதுகளில் டயர் செய்ய வந்துவிட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர் மூன்றையும் கையால் செய்கிற பல்லாயிரம் தொழிலாளர்கள் எண்ணூர் முதல் மீஞ்சூர், பொன்னேரி வரை குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு பிஸ்டன், கார்புரேட்டர் என்பதெல்லாம் சோற்றோடு ஊட்டப்பட்ட வார்த்தைகள். எங்கள் தெருவில் லேலண்டில் ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவர், தூரத்தில் பஸ் வரும் சத்தத்தை வைத்தே எந்த எஞ்சின் என்று சொல்லுவார். பிப்ரவரி மாதம் அகில இந்தியப் பந்தயம் என்றால் இந்தக் கூட்டம்தான் சோழவரத்துக்குப் புறப்படும்.

நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் பொன்னேரியிலிருந்து தச்சூர் கூட்டு ரோடு வழியாக சைக்கிளில் போவோம். காரனோடை பாலம் தாண்டும்போதே சத்தம் கேட்கிறது என்று பின்னால் உட்கார்ந்திருப்பவன் சொல்லுவான். கேட்டிருக்காது, ஆசைதான். கட்டுச்சோறு, ஒரு பாட்டில் தண்ணீர், தலையில் துண்டு. நிழல் என்பதே கிடையாது. நாள் முழுக்க வெயிலில் நின்று, காது அடைத்து, முகமெல்லாம் புழுதியோடு திரும்பினால் வீட்டில் நல்ல வசவு கிடைக்கும். அடுத்த வருஷமும் போவோம்.

அங்கே யார் யார் ஓட்டினார்கள் என்று பாருங்கள். கோண்டல் மகாராஜா வெளிநாட்டுப் பந்தயக் காரோடு வருவார். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன்னில் ஓடிய என்சைன் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். (இன்று அவர் பெயர் வேறு காரணங்களுக்காக அடிபடுகிறது, அது கிடக்கட்டும்.) சந்தோக் குடும்பத்தில் தாத்தா இந்து, மகன் விக்கி என்று இரண்டு தலைமுறை, பேரன் கருண் 2010இல் ஃபார்முலா ஒன் வரை போனார்.

ஆனால் எங்களைப் போன்ற பையன்களை இழுத்தது மகாராஜாக்கள் இல்லை. பைக் பந்தயங்கள். என்ஃபீல்டு, பிறகு எண்பதுகளில் ராஜ்தூத் 350, இந்த்-சுசுகி, ஆர்.எக்ஸ். 100. நேற்றுவரை ரோட்டில் பார்த்த வண்டி. முன் விளக்கைக் கழற்றிவிட்டு, சைலன்ஸரை மாற்றிவிட்டு ஓட்டுவார்கள். அந்த வண்டியை யாரோ ஒரு மெக்கானிக் ராத்திரி முழுக்க விழித்துத் தட்டிக் கொட்டி வேகம் ஏற்றியிருப்பான். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த மெக்கானிக்கைத் தெரிந்திருக்கும். மகாராஜா ஜெயித்தால் கைதட்டுவோம், நம்ம மெக்கானிக் வண்டி மூன்றாவதாக வந்தால் துண்டைச் சுழற்றுவோம்.

கோயம்புத்தூர் கரிவர்தனைச் சொல்லாமல் போனால் பாவம். இறக்குமதிக் கார் வாங்கப் பணம் உள்ளவன்தான் பந்தயக்காரன் என்ற நிலையை மாற்றியவர். இங்கேயே கார் வடிவமைத்தார், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கொண்டுவந்தார். 796 சி.சி. எஞ்சின், நம் ஊர் மெக்கானிக்குக்கு மனப்பாடமான எஞ்சின். ஒரு தலைமுறையே அந்தக் காரில்தான் ஓட்டப் பழகியது. 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனுக்கும் ஆரம்பம் அந்தக் கார்தான். கரிவர்தன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் அமைந்தது.

இங்கே ஒரு சின்ன விளக்கம், வாத்தியார் புத்தி போகாது. 'ஸ்பீட்வே' என்பது உண்மையில் வேறு ஒரு விளையாட்டின் பெயர். மண் போட்ட நீள்வட்டத் தடம், 500 சி.சி. மோட்டார் சைக்கிள், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிஷம் அல்லது கொஞ்சம் கூட, முடிந்தது. திருப்பத்தில் பின் சக்கரத்தை வழுக்கவிட்டே வண்டியைத் திருப்புவார்கள். ஆஸ்திரேலியாவில் 1920களில் பரவி, 1928 பிப்ரவரியில் லண்டன் பக்கத்தில் ஹை பீச் என்ற இடத்தில் நடந்தபோது, ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் குவிந்தது. வேலை முடிந்த மாலையில், ஊருக்கு நடுவே, குடும்பத்தோடு வந்து பார்க்கிற தொழிலாளர் விளையாட்டாக வளர்ந்தது. இன்று இங்கிலாந்தில் பல மைதானங்கள் மூடிக் கிடக்கின்றன, வருகிறவர்கள் நரைத்த தலைகள் என்று அவர்களே புலம்புகிறார்கள். ஆனால் போலந்தில் இன்றும் கூட்டம் நிரம்புகிறது. அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அணி. அணியில் 21 வயதுக்கு உட்பட்ட ஓட்டுநர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பதினேழு வயதுப் பையன் ஓட்டும்போது அவனுடைய வகுப்புத் தோழர்கள் அத்தனை பேரும் மைதானத்தில் இருப்பார்கள் அல்லவா? விளம்பரத்துக்குக் காசு கொட்டுவதைவிட இது நல்ல வழி.

சோழவரத்துக்குத் திரும்புகிறேன். அங்கே பாதுகாப்பு என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தடுப்பை இன்று நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. நிரந்தரத் தடம் வேண்டும் என்று கிளப்காரர்கள் நினைத்தது நூற்றுக்கு நூறு சரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக இடம் வாங்கி, 3.7 கிலோமீட்டர் நீளத்தில், 12 திருப்பங்களோடு இந்தியாவின் முதல் நிரந்தரப் பந்தயத் தடத்தை அமைத்தார்கள். 1990இல் பந்தயம் அங்கே மாறியது. ஓட்டுநர்களுக்கு அது பெரிய வரம். இன்று டி.வி.எஸ்., ஹோண்டா போன்ற கம்பெனிகள் இளம் பைக் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவதும் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான்.

ஆனால் பார்வையாளர்கள்? எண்ணூர்க்காரனும் பொன்னேரிக்காரனும் கும்மிடிப்பூண்டிக்காரனும் கழன்றுகொண்டார்கள். மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மூன்று வண்டி மாறி வெயிலில் நிற்க யார் போவார்கள்? அதே சமயம் வீட்டுக்குள் கேபிள் டிவி வந்தது, கிரிக்கெட் வந்தது. 1997இல் நம் திருவள்ளூர் தனி மாவட்டமானது. 1998இல் திருவள்ளூர் பக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரிக்கத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளர்ந்தது. இத்தனை இருந்தும் இந்த மாவட்டத்தில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, கண்முன்னே ஒரு பந்தயத்தைப் பார்க்கும் வாய்ப்பு இல்லாமல் போய்விட்டது.

பந்தயம் போனது, வேகத்தின் மேல் இருந்த ஆசை போகவில்லை. அது ஜி.என்.டி. ரோட்டுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தச்சூரிலிருந்து எளாவூர் வரை போய்ப் பாருங்கள். பதினெட்டுகூட நிரம்பாத பையன்கள், சிலருக்கு ஹெல்மெட் கிடையாது, பின்னால் உட்கார்ந்தவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே வருவான். ஆந்திராவிலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டுகிறார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்படி ஓட்டி ஒரு காலை இழந்தான். மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க இருக்கு சார்?" அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு வேகம் பிடிக்கும், அவ்வளவுதான். அதை எங்கே, எப்படி, யார் மேற்பார்வையில் ஓட்டுவது என்று காட்ட இந்த ஊரில் ஆள் இல்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவு, அரசின் அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பெற்றோர் கூட்டங்களில் இதை நான் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். அடுத்த தீபாவளிக்குப் பையனுக்கு 200 சி.சி. வண்டி வந்து நிற்கும்.

தடத்தில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் 59 வயது அனுபவ ஓட்டுநர் கே.இ.குமார் சென்னைத் தடத்தில் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பைக் பந்தயத்தில் உயிரிழந்தான். பதின்மூன்று வயது! எட்டாம் வகுப்பு. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2024 ஏப்ரலில் இலங்கையில் தியத்தலாவை பந்தயத்தில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். இளைஞர்களை இழுக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், எந்த வயதில் வேடிக்கை பார்க்க விடுவது, எந்த வயதில் வண்டியைக் கையில் கொடுப்பது என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னதற்குத் தொட்டில் குழந்தைகூட வரலாம். பின்னதற்கு அவசரமே வேண்டாம்.

இனி தீவுத்திடல் பந்தயம். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் 3.5 கிலோமீட்டர் தடத்தில் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. நகரத்தின் நடுவே எதற்கு இது, பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதே, செலவு யாருடையது என்று கேள்விகள் எழுந்தன, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கேள்விகள் நியாயமானவை. தடத்துக்குள் ஒரு தெருநாய் புகுந்ததும் செய்தியானது. (எங்கள் சோழவரத்தில் நாய் வந்தால் அது செய்தியே இல்லை.) ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரே ரயில். என் மாணவர் போனதற்குக் காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை. இந்தியன் ரேசிங் லீகில் ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியும் எனக்குப் பிடித்தது. அவர் தன் மகளையும் கூட்டிப்போயிருந்தார். அந்தப் பெண் இப்போது எந்த ஓட்டுநர் எந்த அணி என்று ஒப்பிக்கிறாளாம்.

இன்னொரு பக்கம் நடிகர் அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதுவரை பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாத பையன்கள்கூட டீக்கடையில் டயர் தேய்மானம், 'பிட் ஸ்டாப்' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நடிகருக்காக வந்தவன் விளையாட்டுக்காக நிற்பானா என்று சிலர் கேட்கிறார்கள். நிற்பான், அடுத்த பந்தயம் அவன் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தால். டில்லி பக்கம் புத் தடத்தில் 2011 முதல் 2013 வரை மூன்றே முறை ஃபார்முலா ஒன் நடந்து, வரித் தகராறில் நின்றுபோனது. உச்சியிலிருந்து கட்டத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும்.

எனக்கு ஒரு ஆசை. இந்த மாவட்டத்தின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களை, பந்தய வார இறுதியில் ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டைக்கு பஸ் வைத்துக் கூட்டிப்போக வேண்டும். கேலரியில் உட்காரவைப்பதோடு விடாமல், எஞ்சின் பிரித்துக் கிடக்கும் கொட்டகைக்குள் விட வேண்டும். ஓட்டுகிறவன் ஒருவன், அவன் பின்னால் உழைக்கிறவர்கள் பத்துப் பேர். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பத்தில் இடம் இருக்கிறது. இதை ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு கூட்டத்தில் எழுதியே கொடுத்தேன். கல்விச் சுற்றுலாவுக்கு மாமல்லபுரம் போதும் என்று பதில் வந்தது.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இப்போது பணியில் இருந்தால் முயன்று பாருங்கள், என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன். லேலண்டு, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். குடும்பத்துப் பிள்ளைகள் யாரிடமாவது சோழவரம் பந்தயத்தின் பழைய புகைப்படமோ நுழைவுச் சீட்டோ இருந்தால் கமென்ட்டில் போடுங்கள். எந்த வருஷம் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.