தகட்டில் அகப்பட்ட வால் நட்சத்திரம்

பழனி மலைத் தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டரையும் தாண்டிய உயரத்தில், கோடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கதிரவனை ஆராய்வதே அதன் முதற்பணி. எனினும், 1910ஆம் ஆண்டில் ஹாலி வால் நட்சத்திரம் தோன்றியபோது, அங்கிருந்த அறிஞர்கள் அதனையும் படம் பிடித்தனர்.

கண்ணாலேயே காணக்கூடியதைப் படம் பிடிப்பானேன் என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான்! நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. புகைப்படத் தகடோ, திறந்திருக்கும் நேரமெல்லாம் வந்த ஒளியைச் சேமித்துக்கொண்டே இருக்கும். ஆகவே, கண்ணுக்கு எட்டாத மங்கலும் அதில் பதிகிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த வைணு பாப்பு என்னும் இளைஞர் 1949 ஜூலை 2 அன்று வானைப் படமெடுத்தார். அத்தகட்டில் அதுவரை எவரும் அறியாத வால் நட்சத்திரமொன்று அகப்பட்டது! ஆசிரியர் போக், உடன் பயின்ற நியூகிர்க் ஆகியோர் பெயரோடு அவர் பெயரையும் அது தாங்கியது. அவரே 1960இல் கோடைக்கானல் நிலையத்தின் இயக்குநரானார்.

இக்காலத்தில் முக்காலியில் நிறுத்திய சாதாரணக் காமிராவே போதும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அகன்ற லென்ஸில் பத்து விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடுகளாக நீளும். 2024 அக்டோபரில் மேற்கு வானில் தோன்றிய வால் நட்சத்திரத்தைப் பலர் இவ்வாறே படமெடுத்தனர். ஐயமிருந்தால் மறுநாளும் அவ்விடத்தையே எடுத்து ஒப்பிடுங்கள். விண்மீன்களின் அமைப்பு மாறியிராது. வால் நட்சத்திரம் மட்டும் அவற்றினிடையே சற்று நகர்ந்திருக்கும்.