வெக்கை மேய்ந்த நிலம்

செரங்கெட்டியில் முதல் நாள் சாயங்காலம், ஜீப்பின் கூரையைத் திறந்து நின்றுகொண்டிருந்தேன். கண்ணுக்கு எட்டின வரைக்கும் மனுஷன் செய்த பொருள் ஒன்றுகூட இல்லை. மின்கம்பம் இல்லை, வேலி இல்லை. மஞ்சள் புல், அங்கங்கே குடை விரித்த மாதிரி வேல மரங்கள், அதற்கப்பால் கறுப்புப் புள்ளிகளாக வில்டபீஸ்ட் கூட்டம். 'உலகம் தொடங்கின நாளில் இப்படித்தான் இருந்திருக்கும்' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் எவ்வளவு தப்பு இருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்பா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது அப்போது. பணப் பரிவர்த்தனை மென்பொருள் ஒன்றின் ஆன்-கால் குழுவில் ஏழு வருடமாக வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு போன் அலறும், எழுந்து உட்கார்ந்து ஏதோ ஒரு சர்வரைச் சரி செய்வேன், காலையில் அது யாருக்கும் நினைவிருக்காது. காரியம் முடிந்த பத்தாம் நாள் மறுபடி அதே போன், அதே அலறல். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்ற கேள்வி முப்பத்தைந்து வயதில் எல்லாருக்கும் வருவதுதான். எனக்கு அது சேமிப்பைக் கரைத்து விமானம் ஏறும் அளவுக்கு வந்துவிட்டது. மனுஷ வாசனையே இல்லாத இடத்துக்குப் போனால் ஏதாவது புரியும் என்று நம்பினேன். ஆப்பிரிக்கப் புதர்வெளி என்றாலே நமக்கு அப்படித்தானே காட்டியிருக்கிறார்கள்? சிங்கம், சூரியன், மௌனம்.

*

மூன்றாம் நாள் மோரு பாறைக்குன்றுகளுக்குப் போனோம். சமவெளிக்கு நடுவே தீவுகள் மாதிரி கருங்கல் பாறைகள் எழுந்து நிற்கும் இடம். அதில் ஒரு பாறையின் அடியில், மழை படாத வளைவில், சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக ஓவியங்கள். கூர்ந்து பார்த்தால் கேடயங்கள். மாசாய் வீரர்களின் கேடயங்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பெரிய பாறை, அதன் மேல் வட்ட வட்டமாகக் குழிகள். கல்லால் தட்டினால் வெண்கலத்தைத் தட்டின மாதிரி சத்தம் வருகிறது. தலைமுறை தலைமுறையாகத் தட்டித் தட்டி விழுந்த குழிகள்.

எங்கள் வண்டியை ஓட்டியவர் மாசாய்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அதுவரை சிறுத்தை எங்கே இருக்கும், சிங்கம் எப்போது எழும் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர், அந்தப் பாறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"எங்கம்மா இந்தப் பக்கம்தான் எங்கேயோ பொறந்தாங்க" என்றார். "சின்னப் புள்ளையா இருக்கும்போது மாட்டை ஓட்டிக்கிட்டு எல்லாரும் கெளம்பிட்டாங்களாம். அதுக்கப்புறம் அவங்க இங்க வந்ததே இல்ல."

"நீங்க?"

"நான் டிரைவராத்தான் வரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் நோட்டில் எழுதின வரி அப்போது நினைவுக்கு வந்தது. உலகம் தொடங்கின நாள் என்று நான் நினைத்த இடம், ஒரு அம்மாவுக்குச் சொந்த ஊர்.

திரும்பி வந்து படிக்க ஆரம்பித்தேன். செரங்கெட்டி எப்படிக் காலியானது என்று தேடப் போனால், கதை அங்கிருந்து ஏழு பத்து ஆண்டுகளுக்கு முன்னால், செங்கடல் கரையில் போய் நிற்கிறது.

*

1880களின் கடைசியில் இத்தாலியப் படைகள் இன்றைய எரித்திரியாவில் காலூன்றிக்கொண்டிருந்தன. படைக்கு இறைச்சி வேண்டும், பாரம் இழுக்க மாடு வேண்டும். 1887 வாக்கில் மஸாவா துறைமுகத்தில் வந்து இறங்கிய மாடுகளோடு ஒரு வைரஸும் இறங்கியது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்றுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்தில் அந்த நோய்க்கு ரிண்டர்பெஸ்ட் என்று பெயர். நம் ஊரில் வெக்கை. மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு. மாட்டுக்குக் காய்ச்சல் ஏறும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு நிற்காமல் கழியும். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். ஆசியாவும் ஐரோப்பாவும் இதை நூற்றாண்டுகளாகப் பார்த்தவை. சஹாராவுக்குத் தெற்கே இருந்த மாடுகளோ அதுவரை இதை அறிந்ததில்லை. அவற்றின் உடம்பில் எந்தத் தடுப்பும் இல்லை.

எத்தியோப்பியாவில் மாடுகள் செத்து, ஏர் ஓட்ட ஆளில்லாமல் வயல்கள் கிடந்தன. 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கலாம் என்று சில மதிப்பீடுகள் சொல்கின்றன. நோய் தெற்கே நடந்தது. 1891 வாக்கில் மாசாய் நிலம். 1896இல் ஸாம்பெஸி ஆற்றைத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவில் வேலி போட்டார்கள், ஆட்களைக் காவல் நிறுத்தினார்கள், ஜெர்மனியிலிருந்து ராபர்ட் கோஹ்கையே வரவழைத்தார்கள். 1897க்குள் அது கேப் காலனிக்குள்ளும் புகுந்துவிட்டது. நோய் போன வழியில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாடுகள் செத்தன. மாட்டோடு நிற்கவில்லை. காட்டெருமை, வில்டபீஸ்ட், ஒட்டகச்சிவிங்கி என்று குளம்புள்ள காட்டு மிருகங்களும் விழுந்தன.

மாசாய்க்கு மாடுதான் பால், இரத்தம், சீர், மரியாதை, வங்கிக் கணக்கு எல்லாம். மாடு போனதும் பசி வந்தது, பசியோடு பெரியம்மையும் வந்தது. அந்தக் காலத்தை அவர்கள் 'எமுதாய்' என்கிறார்கள். துடைத்தழித்தல் என்று பொருள். 1892இல் ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பௌமன் ங்கோரோங்கோரோ பள்ளத்தாக்கு வழியாகப் போனார். எலும்புக்கூடாக நடமாடும் பெண்கள், எழுந்து நிற்க முடியாமல் தவழும் வீரர்கள், இறைச்சிக்காகப் பிள்ளையைக் கொடுக்கத் தயாராக நின்ற பெற்றோர் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். மாசாய் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு இறந்திருப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு.

அதே பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று நான் டீ குடித்தேன். செல்ஃபி எடுத்தேன்.

*

ஐரோப்பியர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவை முழுசாகப் பங்கு போட்டுக்கொண்டதும் இதே பத்தாண்டில்தான். எதிர்த்து நிற்கத் தெம்பில்லாத சனங்கள், மேய்க்க ஆளில்லாத மேய்ச்சல் நிலம். வந்தவர்கள் பார்த்தது காலி நிலத்தை. அது எப்போதும் காலியாகவே இருந்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு இன்னொரு கொடுமையான பின்தொடர்ச்சி உண்டு. மாடு மேயாத, ஆள் தீ வைத்துச் சீர் செய்யாத புல்வெளியில் புதர் மண்டும். புதரில் செட்சி ஈ பெருகும். அந்த ஈ பரப்புவது மனிதனுக்கு உறக்க நோய், மாட்டுக்கு நகானா. முதலில் இரத்தம் குடிக்க மிருகங்கள் இல்லாமல் ஈயும் பின்வாங்கியது. காட்டு மிருகங்கள் மாடுகளைவிட வேகமாக மீண்டபோது ஈயும் திரும்பி வந்தது, இந்த முறை மனிதர்கள் விட்டுப்போன நிலத்துக்குள்ளும். அங்கே மறுபடி குடியேறுவது கஷ்டமானது. பிறகு வந்த வரைபடங்களில் அப்படிப்பட்ட சில பகுதிகள் வேட்டைக் காப்பகங்கள் என்று நிறம் பூசப்பட்டன. ஜான் ஃபோர்ட் 1971லும் ஹெல்கே கியெக்ஷஸ் 1977லும் எழுதிய புத்தகங்கள் இந்தச் சங்கிலியைத்தான் விவரித்தன. கன்னிக்காடு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, ஆட்கள் செத்துப்போன ஊரில் வளர்ந்த புதர்.

செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்கா ஆனது. அப்போது மாசாய்கள் உள்ளேதான் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். எமுதாயிலிருந்து எழுந்து வந்த பிள்ளைகளும் பேரன்களும். 1958இல் பெரியவர்கள் சிலரிடம் ஓர் ஒப்பந்தம் வாங்கப்பட்டது. 1959இல் அவர்கள் பூங்காவை விட்டு வெளியேறி, ங்கோரோங்கோரோ பக்கம் போனார்கள். எங்கள் ஓட்டுநரின் அம்மா நடந்துபோனது அந்த நடை.

அதே வருடம் ஒரு ஜெர்மன் படமும் வந்தது. பிராங்க்ஃபர்ட் மிருகக்காட்சிசாலையின் இயக்குநர் பெர்னார்ட் கிரிமெக், மகன் மிகாயேலோடு, வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட சின்ன விமானத்தில் பறந்து பறந்து மிருகங்களை எண்ணினார். 1959 ஜனவரியில் மிகாயேல் தனியாக ஓட்டிய விமானம் ஒரு கழுகில் மோதி விழுந்தது. இருபத்து நான்கு வயது. செரங்கெட்டி சாகக்கூடாது என்று தலைப்பிட்ட அந்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. செரங்கெட்டிக்கு உலகத்தின் கவனமும் பணமும் வந்ததில் கிரிமெக்கின் பங்கு பெரிது. தேசியப் பூங்காவுக்குள் மனிதர்கள், அந்த மண்ணின் மக்கள்கூட, வாழக்கூடாது என்று உறுதியாக நம்பியவரும் அவர்தான்.

அப்பனும் மகனும் பள்ளத்தாக்கின் விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தக் கல்லறைக்கு முன்னால் வண்டிகள் நிற்கின்றன. மாடு ஓட்டிக்கொண்டு கிளம்பினவர்களுக்கு எங்கேயும் நினைவுக்கல் இருந்ததை நான் பார்க்கவில்லை. அது பழங்கதையும் இல்லை. 2022இல்கூட பக்கத்து லோலியோண்டோவில் நிலத்துக்கு எல்லைக்கல் நட வந்தவர்களுக்கும் மாசாய்களுக்கும் மோதல் நடந்தது.

*

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது.

நான் பார்த்த அந்த வில்டபீஸ்ட் கடல் பழங்காலத்து மிச்சம் கிடையாது. 1961இல் எண்ணியபோது சுமார் இரண்டரை லட்சம்தான் இருந்தன. வருடா வருடம் கன்றுகள் ஒரு வயதுக்குள் வெக்கையில் செத்துக்கொண்டிருந்தன. காட்டு மிருகங்கள்தான் நோயை வைத்திருந்து மாட்டுக்குப் பரப்புகின்றன என்று பலர் நம்பினார்கள். ஆனால் பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போடப்போட, 1963 வாக்கில் வில்டபீஸ்ட்களிடமிருந்தும் நோய் காணாமல் போனது. அவற்றில் ஒன்றுக்கும் யாரும் ஊசி போடவில்லை. நோயை வைத்திருந்தது மாடுதான், மாட்டைக் காப்பாற்றியதும் காடும் பிழைத்தது. 1970களின் முடிவுக்குள் எண்ணிக்கை பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது.

அவ்வளவு வாய்கள் மேய்ந்ததும் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, தீயில் கருகிப்போகாமல் மரக்கன்றுகள் எழுந்தன. முதல் நாள் சாயங்காலம் நான் பார்த்த குடைவேல மரங்களில் பல, என் அப்பாவைவிட வயதில் சின்னவையாக இருக்கும்.

தடுப்பூசியை மேம்படுத்தியவர் வால்டர் ப்ளோரைட் என்ற கால்நடை மருத்துவர். கென்யாவில் முகுகா என்ற இடத்து ஆய்வகத்தில், கன்றின் சிறுநீரகத் திசுவில் வைரஸை மறுபடி மறுபடி வளர்த்து, நோய் தராமல் எதிர்ப்பை மட்டும் தரும் அளவுக்கு அடக்கினார். ஒரே ஊசி, மாட்டின் ஆயுளுக்கும் போதும். அவருக்கு 1999இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கடைசி வெக்கை 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளிடம். 2011இல் நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இதுதான்.

இந்தியாவில் கடைசி வெக்கை எங்கே என்று தேடினேன். 1995 ஜூன். தமிழ்நாடு. வட ஆற்காடு.

*

அப்பா கால்நடை ஆய்வாளர். வேலை பார்த்தது வட ஆற்காடு கிராமங்களில். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'கவர்மெண்ட் ஆபீஸ்' என்றுதான் சொல்வேன். மாட்டுக்கு ஊசி போடுகிறவர் என்று சொல்ல வெட்கம். ஐஸ் போட்ட பிளாஸ்கை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு விடிகாலையில் கிளம்புவார். மாடு மேய்ச்சலுக்குப் போவதற்குள் ஊருக்குள் இருக்கணும். மத்தியானத்தில் சாணி வாசனையோடு வருவார். ராணிப்பேட்டையிலிருந்து மருந்து வரவில்லை என்றால் மட்டும் வீட்டில் கோபப்படுவார். அங்கே 1932இல் தொடங்கிய மருந்து நிலையம் இருக்கிறது என்பதும், கிளம்பும்போதே வெக்கையோடுதான் அதற்குச் சண்டை என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

நான் கொஞ்சம் பெரியவனானபோது ஊசி நின்றுவிட்டது. ஆனாலும் அப்பா ஊர் ஊராகப் போவார். கையில் ஒரு ரெஜிஸ்டர். வாயில் புண் வந்த மாடு உண்டா, கழிந்து செத்த மாடு உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். ஒருநாள் அதைப் பிரித்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை'.

"எல்லாத்துலயும் இல்லன்னே எழுதியிருக்கியேப்பா, இதுக்கு எதுக்கு அலையற?" என்று கேட்டேன்.

"இல்லன்னு தெரியறதுக்குத்தான்டா அலையறது" என்றார்.

அப்போது அது அரசாங்க வேலையின் அபத்தம் என்று பட்டது. 2006இல் இந்தியா வெக்கையிலிருந்து விடுபட்டது என்று சர்வதேச அங்கீகாரம் வந்தபோது, அதற்குச் சாட்சியாக இருந்தவை இப்படிப்பட்ட தேடுதல்கள்தான். அப்பா அந்தச் செய்தியை வீட்டில் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. நான் அப்போது பொறியியல் நுழைவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவிடம் அந்த ரெஜிஸ்டர்கள் எங்கே என்று கேட்டேன். "ஆபீஸ் சொத்துடா அது, ரிட்டயர் ஆகும்போதே குடுத்துட்டாரு" என்றாள். பிளாஸ்க் மட்டும் இருந்தது. பரணில், மூடி இல்லாமல். உள்ளே அம்மா பழைய பித்தளைத் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தாள்.

எங்கள் ஓட்டுநருக்கு வாட்ஸப்பில் இதையெல்லாம் எழுதினேன். ராத்திரி பதில் வந்தது. அவருடைய அப்பாவின் மாடுகளுக்கும் அந்த ஊசியைப் போட்டார்களாம். பூங்காவுக்கு வெளியே, வரிசையில் நிறுத்தி. அம்மா இன்னும் இருக்கிறார்கள், அடுத்த முறை வந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றும் எழுதியிருந்தார். பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை சிங்கம் பார்க்க அவசரமில்லை.