அனுபவமும் அன்பளிப்பும்

எல்லையிலே, நம் களியக்காவிளைச் சாவடியிலே, அரிசி மூட்டையை நிறுத்திக் கேட்கின்றனர்: எங்கிருந்து வருகிறது? யாருக்குப் போகிறது? தேர்தலுக்கு வரும் பணமூட்டையை அப்படி யார் கேட்கிறார்கள்? நாமோ, "வேட்பாளருக்கு அனுபவம் உண்டா?" என்று மட்டும் கேட்டு அமைதியடைகிறோம்.

அனுபவம் பற்றி மக்கள் தீர்ப்பளிக்க வல்லவர்கள். வரலாறே சான்று. 1967 பொதுத்தேர்தல், விருதுநகர்த் தொகுதி. ஒருபுறம், ஒன்பதாண்டு முதலமைச்சராக இருந்த காமராசர். மறுபுறம், இந்தி எதிர்ப்புப் போரில் முன்னின்ற மாணவர் சீனிவாசன். ஆட்சி அனுபவம் அணுவளவும் இல்லாதவர். அரிசித் தட்டுப்பாட்டையும் இந்தித் திணிப்பையும் கண்டு கொதித்திருந்த மக்கள், 1,285 வாக்கு வேறுபாட்டில் மாணவரையே வெல்ல வைத்தனர்.

அனுபவத்தின் அருமை அறியாத மக்கள் என்று ஏசினர் சிலர். அவர்கள் நம் குமரி மாவட்டத்தைப் பார்க்கட்டும்! மார்ஷல் நேசமணி 1968இல் மறைந்தபின், 1969 சனவரியில் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில், ஆளுங்கட்சியாகிய தி.மு.க.வின் எதிர்ப்பையும் மீறி, அதே காமராசரை இம்மக்கள் பெருவாரியான வாக்குகளால் வெற்றிபெறச் செய்தனர். ஈராண்டுக்குள் இருவேறு தீர்ப்பு. இரண்டுமே கண்திறந்து அளித்தவை. ஏனெனில், வேட்பாளரின் வாழ்வு மக்கள் கண்ணெதிரே இருந்தது.

நன்கொடையோ திரைக்குப் பின்னால் நிற்பது. டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்குப் பணம் தர அனுமதி கேட்டபோது, 1957இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சாக்ளா, சட்டம் தடுக்காததால் இசைவளித்தார்; எனினும், இது மக்களாட்சியின் குரல்வளையை நெரிக்கக்கூடும் என எச்சரித்தார். 1960இல் சட்டம் உச்சவரம்பு விதித்தது. 1969இல் அடியோடு தடுத்தது. முன்வாசலை அடைத்தனர், பணம் கொல்லைப்புறமாய்ப் புகுந்தது. 1985இல் மீண்டும் அனுமதி. 2018இல் வந்த தேர்தல் பத்திரமோ, தந்தவர் பெயரை மக்களிடமிருந்து மறைத்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது.

நம்மவர் திரட்டிய நிதிக்கும் இக்கேள்வி உண்டு. 1967 தேர்தலுக்கென அண்ணா கேட்டது பத்து இலட்சம். கலைஞர் திரட்டித் தந்தது பதினோரு இலட்சம். விருகம்பாக்கம் மாநாட்டு மேடையில் அத்தொகை நாடறிய முழங்கிற்று. பெருமைதான்! ஆனால் தொகை மட்டும் தெரிந்தால் போதுமா? தந்தவர் யார், எவ்வளவு என்பதும் தெரிய வேண்டாமா? மாற்றாரிடம் கணக்குக் கேட்டு, நம்மவருக்கு விலக்குக் கேட்பது பகுத்தறிவாகாது.

அனுபவத்தை எடைபோட மக்களுக்குத் தெரியும். பணத்தையும் தராசில் வைக்கச் சொல்வோம். ஏழையின் அரிசி மூட்டையைக் கேட்கும் கேள்வியை, செல்வரின் பணமூட்டையிடமும் கேட்போம்!