மறுசூடு

மறுசூடு என்பது, ஒருமுறை சமைத்து ஆறிய பதார்த்தத்தை, உண்பவருக்கு நோய் வராமலும் பதார்த்தத்தின் பதம் குலையாமலும் இரண்டாம் முறை அனலில் ஏற்றும் சமையல் முறையாகும். அடுப்பேற்றுவதற்கு முன்பே, சமைத்ததை ஆறவைத்த விதத்திலேயே, அதன் பலாபலன் பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது.

கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் பெருஞ்சந்தையை உடைய ஒட்டன்சத்திரத்தின் வழியாக, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் திண்டுக்கல் சாலையில் பழனியை நோக்கிப் பாதயாத்திரை செல்லும் பக்தர்கள் நடந்து போகின்றனர்; அவர்களுக்கு வழிநெடுக அன்னதானம் நடைபெறும். பெரிய அண்டாவில் கொதித்த சாம்பாரும் சோறும், மேற்பரப்பில் ஆறிவிட்டனபோலத் தோன்றினாலும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியினால் காற்று நீங்கிய அந்த ஆழத்தில், காற்றை வேண்டாத கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்னும் நுண்ணுயிர் 43 முதல் 45 டிகிரி செல்சியஸில் அதிவிரைவாகப் பெருகும். இறைச்சிக் குழம்பில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஆதலின் மிஞ்சியதை அண்டாவிலேயே மூடிவைக்காமல், அகன்ற தாம்பாளங்களில் மெல்லியதாகப் பரப்பி விரைந்து ஆறவிட வேண்டும்.

சோற்றுக்குரிய விரோதி பாசில்லஸ் சீரியஸ். அரிசியோடு வரும் அதன் வித்துக்கள் உலையில் கொதித்தும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாத நஞ்சு அது; 1970களில் பிரிட்டனில் பொரித்த சோறு உண்டோர் நோயுற்ற சம்பவங்களால் இதன் கொடுமை பரவலாக அறியப்பட்டது. எனவே, நெடுநேரம் வெளியில் கிடந்த சோற்றை நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை மிகவும் ஆபத்தானது. சமைத்ததை 2 மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கலாகாது. வைத்துப் பரிமாறுவதாயின் 60 டிகிரிக்குமேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக்கீழ்க் குளிராகவோ இருத்தல் வேண்டும். சுடவைக்கும்போது நடுப்பகுதியும் 70 டிகிரியைக் கடந்து ஆவி பறக்க வேண்டும்.

நம் முன்னோர் சோற்றில் நீரூற்றிவைத்த வழக்கத்தை இங்கே மரியாதையோடு நினைவுகூர வேண்டும். நீர் சோற்றை விரைவில் ஆற்றுகிறது. இரவில் பெருகும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் புளிப்பேற்றிக் கெடுதல் செய்யும் கிருமிகளை அடக்குகின்றன. மறுசூட்டுக்கே அவசியமின்றிப் பழைய சோறு காலையில் உணவாகிறது.

பதம் கெடுவதற்குக் காரணம் வேறு. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறியபின் மீண்டும் ஒழுங்குற அடுக்கமைவதால் சோறு விறைக்கிறது. குளிர்பெட்டியின் 4 டிகிரி வாக்கில் இது மிகவும் துரிதமாக நிகழ்கிறது. விறைத்தது இளகுவதற்கு உஷ்ணத்தோடு ஈரமும் வேண்டும். வறட்டு அனல் பருக்கையை உலர்த்திவிடும். திண்டுக்கல் பிரியாணிக்கு விசேஷமான சீரக சம்பா பொடியான அரிசியாதலால், கிண்டினால் குழைந்துபோகும். அதைக் கிளறாமல், கைநீர் தெளித்து, இறுக மூடிச் சிறுதீயில் தம்மில் வைப்பதோ, இட்லிப் பானையில் ஆவிகாட்டுவதோ உத்தமம். கறித்துண்டு பெரிதாக இருப்பின் நறுக்கிவிடுவது நல்லது. வெளிப்புறம் நாராகுமுன் உள்ளே சூடேறிவிடும்.

முருங்கைக்காய்ச் சாம்பாரில் காய்களைத் தனியே எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்து, காய்களைக் கடைசியில் இட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கினால், சதை பிரிந்து சக்கையாகாது, காயும் முழுச்சூடு பெறும். புளிக்குழம்பு அமிலத்தின் பலத்தால் சற்று தாங்கும். தேங்காய் அரைத்ததும் பருப்பு சேர்ந்ததும் எளிதில் ஊசிப்போகும் சுபாவமுடையவை. நூல்விட்ட குழம்பைக் கொட்டிவிடவே வேண்டும். எதையும் ஒருமுறைக்குமேல் சுடவைக்கலாகாது. வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்கி, மிச்சத்தைக் குளிரிலேயே விட்டுவைக்க வேண்டும்.