எல்லைப்புறத்து ஏடுகளும் பல்கலைக்கழகப் பாடமும்

பாறசாலையிலிருந்து தெற்கே களியக்காவிளையை நோக்கி நடப்பவர்க்கு இரு மாநிலங்களின் எல்லை எவ்விடத்தில் அமைந்துள்ளது என்பது எளிதிற் புலப்படாது. மண் அதே செம்மண். தென்னை அதே தென்னை. மரச்சீனியும் வாழையும் இரு பக்கமும் ஒன்றுபோலவே செழித்து நிற்கின்றன. கடைப் பலகையில் எழுத்து மாறும்போதுதான் எல்லையைக் கடந்தோம் என்று உணர்கிறோம். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அவ்வட்டத்தின் தென்கோடியில் உள்ளது பாறசாலை.

இம்மலரைக் கையில் ஏந்தும் அன்பர்களிற் பலர் பிழைப்பின் பொருட்டு இவ்வெல்லைப்புறம் வந்து குடியேறியவர்கள். சிலர் இருந்த இடத்தில் இருந்தபடியே வேற்று மாநிலத்தார் ஆனவர்கள். இரு சாரார்க்கும் பிள்ளைகளைப் பற்றிய கவலை ஒன்றே. பிள்ளைகள் பள்ளியில் மலையாளத்தில் ஒரு சரித்திரம் படிக்கிறார்கள். விடுமுறையில் குழித்துறைக்கோ நாகர்கோவிலுக்கோ சென்றால், அங்கே மாமன் மக்கள் தமிழில் வேறொரு சரித்திரம் படிக்கக் காண்கிறார்கள். நம் காலனிச் சிறுமி ஒருத்தி, "தாத்தா, நம்ம ஊர்ச் சரித்திரம் எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை என்று உண்மையைச் சொன்னேன். பின் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கக் கூடியவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

இவ்வெல்லையின் இருபுறத்துக் கல்லூரிகளையும் எண்ணிப் பாருங்கள். வடபுறத்து மாணவர்கள் கேரளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளிற் பயில்கின்றனர். தென்புறத்துக் குமரி மாவட்ட மாணவர்கள் 1990இல் திருநெல்வேலியில் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவற்றிற் பயில்கின்றனர். தென்புறத்துப் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கி நிற்கின்றதோ, அப்பெரியார் ஆசிரியத் தொழில் புரிந்தது வடபுறத்துத் திருவனந்தபுரத்தில்! 1855இல் ஆலப்புழையிற் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளையவர்களே அவர். 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தால் அவரை உலகம் அறியும். அந்நாடகத்துக் கடவுள் வாழ்த்தின் ஒரு பகுதியே 1970 முதல் தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கின்றது. ஆயின் அவர் வரலாற்று ஆராய்ச்சியாளர் என்பதனை நம்மிற் பலர் மறந்துவிட்டோம்.

அவர் பயிற்றியது தத்துவம். எனினும் ஊர் ஊராகச் சென்று கோயிற் சுவர்களிலும் பாறைகளிலும் கிடந்த சாசனங்களைப் படித்தார். அதுகாறும் வேணாட்டு மன்னர் வரலாறு என்று வழங்கியதிற் பெரும்பகுதி புராணமும் செவிவழிக் கதையுமே. கல்லிற் கண்ட கொல்லம் ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் வரிசைப்படுத்தித் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி 1894இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். கல்குளம் வட்டத்து மணலிக்கரையில் உள்ள கொல்லம் 410ஆம் ஆண்டுச் சாசனம் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அரசனுடைய அதிகாரிகளும் கோதைநல்லூர்ச் சபையாரும் கூடி, நிலவரி இவ்வளவு, மழை பொய்த்த காலத்தில் இவ்வளவே என்று வரையறுத்த ஏற்பாடு அது. அரண்மனை ஏட்டிற் காணாத ஊரார் குரல் ஒரு கல்லிற் கேட்டது. 1897இல் நாற்பத்திரண்டு வயதிலேயே அவர் மறைந்தது தமிழர்க்கும் மலையாளிகட்கும் ஒருங்கே நேர்ந்த இழப்பாகும்.

அவர் தனியொருவராய்ச் செய்ததனை இன்று மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒரு பாடமாகவே அமைத்துக் கற்பிக்கின்றன. வகுப்பறையைவிட்டு வெளியேறி, மக்களோடு கூடி, மக்கள் கைவசம் உள்ள சான்றுகளைக் கொண்டு வரலாறு எழுதி, அதனை மக்களிடமே திருப்பி அளிக்கும் முறை அது. 'பொதுமக்கள் வரலாறு' என்று நாம் அதனைச் சொல்லலாம். 1960களில் ஆக்ஸ்போர்டு நகரத்து ரஸ்கின் கல்லூரியில் ராபேல் சாமுவேல் என்னும் ஆசிரியர், தம்மிடம் பயில வந்த தொழிலாளர்களைக் கொண்டே தொழிலாளர் வரலாற்றை எழுதுவித்தார். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், சான்டா பார்பரா நகரில் ராபர்ட் கெல்லி என்பாரது முயற்சியால், இதற்கெனப் பட்ட மேற்படிப்பு வகுப்பு ஒன்றைத் தொடங்கிற்று. இவற்றைக் கேட்டு நாம் மலைத்துவிட வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் போன்றதொன்று நம் எல்லைப்புறத்திலேயே ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் இருந்ததன்றோ!

முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திபபுரத்தையே குறிப்பிடுகின்றேன். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்து, 'உழக்குடிவிளை' என்னும் நிலத்தைப் பெற்றான். 'விளை' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இன்றும் நம்மைச் சுற்றி எத்தனை! அந்நிலத்தில் திருமால் கோயில் எடுத்துப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலையையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலை திருவனந்தபுரத்து வலியசாலையே என்பர் பலர். சோழன் இராசராசன் அங்கே 'கலம் அறுத்த' செய்திக்கு, கலம் என்பது மரக்கலமா உண்கலமா என்று அறிஞர்கள் இட்ட வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அவ்வழக்கில் ஈடுபட்டு ஒரு நூலே எழுதினார்.

பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் கிடைத்தது; தொல்பொருள் துறைத் தலைவராயிருந்த து.அ. கோபிநாதராவ் அதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். சாலையில் இடம்பெற்ற சட்டர், அதாவது மாணவர், தொண்ணூற்றைவர். பவிழிய சரணத்தார்க்கு 45 இடம், தைத்திரிய சரணத்தார்க்கு 36, தலவகார சரணத்தார்க்கு 14 என்று பங்கீடும் கூறப்பட்டுள்ளது. அவர்கள் இலக்கணமும் மீமாம்சையும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றோடு மூன்று இராச்சியத்து வழக்கும் அறிந்திருத்தல் வேண்டும். சேர சோழ பாண்டியராகிய மூவர் நாட்டு நடைமுறையையே இத்தொடர் குறிக்கும் என்பர். மூன்று நாடுகளும் உரசிக்கொண்ட எல்லைப்புறத்தில், அயல்நாட்டு வழக்கு அறியாதவனைக் கற்றவன் என்று அக்காலத்தார் ஏற்கவில்லை போலும்! ஒழுங்கு விதிகளும் உள. ஒருவரை ஒருவர் இழித்துரைத்தால் தண்டம். ஆயுதம் எடுத்தாலும் தண்டம். கூட்டத்திற்குப் படைக்கலத்துடன் வருதல் ஆகாது. அறைகளில் வெள்ளாட்டிகளை வைத்துக்கொள்ளுதலும் ஆகாது. மாணவர் விடுதிக் காப்பாளர் தொல்லை அன்றும் இருந்தது என்று நாம் நகைத்துக் கொள்ளலாம்.

பாறசாலை என்ற பெயரிலும் 'சாலை' என்னும் சொல் இருத்தலால் இங்கும் ஒரு பழைய கல்விச்சாலை இருந்தது என்று துணிந்து கூறுவாரை நான் கண்டிருக்கிறேன். ஊர்ப்பற்று நல்லதே. ஆனால் பெயர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வரலாறு கட்டுதல், சுந்தரம் பிள்ளையவர்கள் கல்லைத் தேடி நடந்த நடைக்கே இழுக்காகும்.

சாலையின் பெருமையைப் பேசுமிடத்து மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. அந்தத் தொண்ணூற்றைந்து இடங்களும் வேத சரணத்தார்க்கு உரியவை. விளையில் மண் கொத்தியவன் மகனுக்கு அங்கே இடமில்லை. மகளைப் பற்றிப் பேச்சே இல்லை. செப்பேடு சொல்லாமல் விட்ட இதனை நெய்யாற்றின்கரைப் பகுதியில் உள்ள ஒரு மரப்பலகை சொல்கிறது.

1914இல் ஐயன்காளி, பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசாணை இருந்தது; ஆணைக்கு ஊர் இணங்கவில்லை. பள்ளிக்கூடமே தீக்கு இரையாயிற்று. அதனைத் தொடர்ந்த கலவரத்தைக் கொல்லம் 1090ஐக் கொண்டு 'தொண்ணூறாம் ஆண்டுக் கலகம்' என்று முதியோர் வழங்குவர். அத்தீயில் எரிந்து எஞ்சிய பெஞ்சு ஒன்றை அப்பள்ளியிற் போற்றி வைத்திருக்கிறார்கள். 2022இல் அப்பள்ளிக்கு ஐயன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன. பார்த்திபபுரத்துச் செப்பேடும் ஊரூட்டம்பலத்துப் பெஞ்சும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள் என்பேன். ஒன்றைப் படித்து மற்றொன்றை விடும் மாணவன் பாதியே படித்தவன் ஆவான்.

இத்தகைய பாடம் பயிற்றுவார்க்கு இடர்கள் இல்லாமலில்லை. தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1859ஆம் ஆண்டு அரசறிவிப்பு வரை நீண்டது. அதனைக் கூறிய பகுதி மைய அரசின் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலிருந்து 2019இல் நீக்கப்பட்டது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் அப்போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு நினைவு விழா நடந்தபோதோ, தமிழ்நாட்டு முதலமைச்சரும் கேரள முதலமைச்சரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். நூலில் நீங்கியது மைதானத்தில் ஒலித்தது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த்தமிழகத்தோடு சேரக் கோரியவர்கள் மீது காவலர் சுட்ட நிகழ்ச்சியோ இன்னும் கடினமானது. தென்புறத்தில் அது தியாகம். வடபுறத்து வீடுகளில் அதன் நினைவு வேறு. பல வீடுகளில் அதனைப் பற்றிப் பேசுவதே இல்லை. நெய்யாற்றின்கரையையும் கேட்டவர்கள் நாம். கிடைக்காத பின் இங்கேயே வாழ்ந்து, அண்டை வீட்டு மலையாளியோடு அரிசியும் உப்பும் மாற்றிக் கொண்டவர்களும் நாமே. இரு பக்கத்து முதியோரையும் அமர்த்தி, குறுக்கிடாமற் கேட்டு எழுதும் மாணவர்கள் வேண்டும். கேட்கப்பட வேண்டியவர்கள் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்டார்கள்.

என் வீட்டுக் குறையையும் ஒளியாமற் சொல்கிறேன். எங்கள் பழைய வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஒன்று கிடந்தது. ஓடு மாற்றி வீடு புதுக்கிய காலத்தில், பூச்சி அரித்தது என்று பெரும்பகுதியை அடுப்பில் இட்டோம். இட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு இருபது வயது, பட்டப்படிப்பும் முடித்திருந்தேன். அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படித்து நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கு எவ்வளவு ஒளி தந்தார் என்பதையும், பேராசிரியர் அ.கா. பெருமாள் அவ்வோலைகளைத் தமிழில் நூலாக்கியதையும் பின்னர் அறிந்தபோது, அந்த அடுப்பு என் நினைவுக்கு வந்தது. கே.கே. பிள்ளை சுசீந்திரம் என்னும் ஒரே கோயிலை எடுத்துக்கொண்டு 1953இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். ஓர் ஊர், ஒரு வீடு, ஒரு கட்டு ஓலை என்று சிறியதை ஆழ்ந்து நோக்கியே இப்பகுதியின் வரலாறு எழுந்திருக்கிறது.

பயிற்சி ஒன்றும் மாயவித்தை அன்று. கல்லைத் தூரிகையும் நீரும் கொண்டு கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் படியும்படி தூரிகையால் அடித்து, சற்று உலர்ந்தபின் மைப்பொதியால் ஒற்றினால், எழுத்து வெண்மையாகவும் தாள் கருமையாகவும் படி கிடைக்கும். இதனை ஒரு முற்பகலில் கற்பிக்கலாம். படிப்பதுதான் கடினம். இப்பக்கத்துப் பழஞ்சாசனங்களிற் பல வட்டெழுத்து. அதிலிருந்து பிற்காலத்தில் கோலெழுத்தும் மலையாண்மையும் கிளைத்தன. எழுத்து அறிந்தவர்க்கும் மொழி இடறும். ஒரே ஆவணத்தில் இன்று தமிழ் என்று நாம் சொல்லும் சொல்லும் மலையாளம் என்று சொல்லும் சொல்லும் அடுத்தடுத்து வரும்.

அடுப்புக்குத் தப்பிய ஓலைகள் மூன்று என்னிடம் உள்ளன. சென்ற மழைக்காலத்தில் இரு கல்லூரி மாணவர்கள் அவற்றைப் பார்க்க வந்தார்கள். ஒருவன் பாறசாலைப் பக்கத்தவன், மலையாளம் படித்தவன். மற்றவள் விளவங்கோட்டுப் பெண், தமிழ் படித்தவள். முதல் ஓலை ஒரு ஒற்றி ஆவணம். அவன் தடுமாறிய இடத்தை அவளும், அவள் நின்ற இடத்தை அவனும் படித்து, மாலைக்குள் நிலத்தின் நான்கெல்லையையும் சொல்லிவிட்டார்கள். கிழக்கெல்லையாகக் குறித்த தோடு இப்போதும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. மற்ற இரண்டு ஓலைகளும் இன்னும் படிக்கப்படவில்லை.